மாத்திரை மட்டும்தான் மருந்தா? இன்ஹேலர் எடுப்பவர்கள் மெடிக்கலில் கேட்கும் கேள்விகள்

மருந்துக் கடை மேசைக்குப் பின்னால் நிற்கும் எங்களுக்குப் பழகிப்போன கேள்வி ஒன்று உண்டு: "வேற மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?" பத்தில் எட்டுப் பேர் "இல்லை" என்பார்கள். அப்படிச் சொல்பவரின் சட்டைப் பையில் இன்ஹேலர் துருத்திக்கொண்டு நிற்கும். அவர் பொய் சொல்லவில்லை, கேள்வியைத்தான் நாங்கள் தப்பாகக் கேட்கிறோம். தமிழில் மருந்து 'சாப்பிடுகிற' பொருள். பஃப்பை யாரும் சாப்பிடுவதில்லை. கண்ணில் விடும் சொட்டையும் தோலில் தடவும் களிம்பையும்கூடத்தான். இன்ஹேலரோடு மற்ற மருந்துகள் மோதி வரும் தொல்லைகளில் பாதி இந்த ஒரு சொல்லில் ஒளிந்திருக்கிறது.

நான் மருந்தாளுநர், மருத்துவர் அல்ல. இதைப் படித்துவிட்டு எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். சந்தேகம் வந்தால் சீட்டு எழுதியவரிடம் போய்க் கேளுங்கள்.

இன்ஹேலர் மருந்து நுரையீரலோடு நின்றுவிடும் என்றுதானே சொல்கிறார்கள்? அது எப்படி மற்ற மாத்திரையோடு மோதும்?

பெரும்பாலும் உண்மைதான். சால்பியூட்டமால் மாத்திரை 4 மில்லிகிராம். அதே மருந்து ஒரு பஃப்பில் 100 மைக்ரோகிராம், அதாவது நாற்பதில் ஒரு பங்கு. இன்ஹேலரின் பெருமையே அதுதான். ஆனால் கொஞ்சம் ரத்தத்துக்குப் போகத்தான் செய்கிறது. இரண்டு பஃப் இழுத்ததும் சிலருக்குக் கை நடுங்குகிறதே, அதுவே சாட்சி. தொண்டையில் படிந்து வயிற்றுக்குள் போகும் பங்கு தனி. சில இன்ஹேலர்களில் ஸ்டீராய்டும் இருக்கும்; அப்படி வயிற்றுக்குள் போகும் ஸ்டீராய்டைக் கல்லீரல் உடைத்துப் போட்டுவிடும். கல்லீரலின் அந்த வேலையை வேறொரு மாத்திரை தடுத்தால் கதை மாறிவிடும்.

இன்னொரு திசையையும் பார்க்க வேண்டும். இன்ஹேலர் வெளியே போய் மோதுவதைவிட, வெளியிலிருந்து வரும் மருந்து நுரையீரலுக்குப் போய் இன்ஹேலரின் வேலையைக் கெடுப்பதுதான் ஆபத்து அதிகம்.

என் இன்ஹேலரில் என்ன மருந்து இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நிறத்தை நம்பாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதன் கீழே சின்ன எழுத்தில் இருப்பதுதான் மருந்து.

அஸ்தாலினில் இருப்பது சால்பியூட்டமால், லெவோலினில் லெவோசால்பியூட்டமால். இரண்டும் இறுகிய மூச்சுக்குழாயை உடனே விரிப்பவை. புடிகார்ட்டில் புடிசோனைடு என்ற ஸ்டீராய்டு மட்டும் இருக்கிறது. ஃபோராகார்ட்டில் அதே ஸ்டீராய்டோடு ஃபார்மோடிரால் என்ற நீண்ட நேர விரிப்பான் சேர்ந்திருக்கிறது. செரோஃப்ளோவில் இருப்பவை ஃப்ளூட்டிகசோனும் சால்மிடராலும். டியோவாவில் டியோட்ரோபியம், டியோலினில் லெவோசால்பியூட்டமாலும் இப்ராட்ரோபியமும்.

ஆக மூன்றே சாதி: விரிப்பான், ஸ்டீராய்டு, வேறொரு வழியில் குழாயை விரிக்கும் 'ட்ரோபியம்' வகை. உங்களுடையது இவற்றில் எது எது சேர்ந்தது என்று தெரிந்தால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

கண் டாக்டர் சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார். கண்ணுக்கும் வீசிங்குக்கும் என்ன சம்பந்தம்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர் அபூர்வம். கேட்காமல் சொட்டை விட்டுக்கொண்டு போகிறவர்கள்தான் அதிகம். அதனால் இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

கண் நீர் அழுத்த நோய்க்கு, ஊர்ப் பேச்சில் 'கண் பிரஷருக்கு', பல காலமாகக் கொடுத்துவரும் சொட்டு டிமோலால். ஐயோடிம், குளூகோமால் என்ற பெயர்களில் கிடைக்கும். வேறு மருந்துகளோடு கூட்டாகவும் வரும்: டார்சோலமைடும் டிமோலாலும், பிரிமோனிடினும் டிமோலாலும், லேட்டனோபிராஸ்டும் டிமோலாலும் என்று.

கண்ணின் உள்மூலையில் ஒரு சின்னக் குழாய் இருக்கிறது. அழும்போது மூக்கு ஒழுகுவது அதனால்தான். சொட்டின் பெரும்பகுதி அந்த வழியாக மூக்குக்குள் இறங்கி, மூக்கின் மெல்லிய சவ்வு வழியே ரத்தத்தில் கலந்துவிடும். வயிற்றுக்குப் போகும் மாத்திரையைக் கல்லீரல் முதலில் வடிகட்டும். மூக்கு வழியே போவதற்கு அந்தச் சுங்கச்சாவடியே கிடையாது. ஒரு சொட்டுதானே என்பது கணக்கில் சின்னது, மூச்சுக்குழாய்க்கு அப்படி இல்லை.

டிமோலால் செய்வது சால்பியூட்டமால் செய்வதற்கு நேர் எதிர். மூச்சுக்குழாயின் சுவரில் பீட்டா-2 என்ற பூட்டு இருக்கிறது. சால்பியூட்டமால் அதில் சாவியாக நுழைந்து குழாயை விரிக்கிறது. டிமோலால் அதே பூட்டில் மெழுகை அடைத்தாற்போல உட்கார்ந்துகொள்கிறது. குழாய் இறுகும், அவசரத்துக்கு அடிக்கும் பஃப்பும் வேலை செய்யாது. ஆஸ்துமாக்காரருக்கு டிமோலால் கொடுக்கக் கூடாது என்று அதன் பெட்டிக்குள் இருக்கும் தாளிலேயே அச்சிட்டிருக்கிறது.

எங்கள் கடைக்கு வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், மாதம் ஒரு அஸ்தாலின் வாங்குபவர், திடீரென்று பத்து நாளுக்கு ஒன்று கேட்க ஆரம்பித்தார். "பனி அதிகம்பா" என்றார். மூன்றாம் தடவை, கூடவே நீட்டிய சீட்டில் டிமோலால் இருந்தது. கண் டாக்டர் இவரிடம் "மருந்து ஏதும் சாப்பிடுறீங்களா?" என்று கேட்டிருக்கிறார். இவர் வழக்கம்போல "சுகர் மாத்திரை மட்டும்தான்" என்றிருக்கிறார். சீட்டோடு அவரைத் திருப்பி அனுப்பினேன். சொட்டை மாற்றிக் கொடுத்தார்கள். பிறகு பழையபடி மாதம் ஒன்றுதான்.

மாற்று இருக்கிறது என்பதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன். லேட்டனோபிராஸ்ட் போன்ற சொட்டுகளில் இந்தத் தொல்லை பொதுவாக இல்லை. ஆனால் சொட்டையே நிறுத்திவிட்டு வீட்டில் உட்காராதீர்கள், கண் நரம்பு போனால் திரும்பாது. எனக்கு வீசிங் இருக்கிறது, பஃப் எடுக்கிறேன் என்று கண் டாக்டரிடம் போய்ச் சொன்னாலே போதும்.

பிரஷர் மாத்திரை, இதய மாத்திரை? 'லால்' என்று முடிந்தால் எல்லாமே ஆபத்தா?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். அட்டினோலால், மெட்டோபுரோலால், பிசோபுரோலால், புரோப்ரனலால், லேபடலால், கார்வெடிலால் எல்லாம் பீட்டா தடுப்பான்கள். சால்பியூட்டமாலும் சால்மிடராலும் காதுக்கு அதே மாதிரி ஒலித்தாலும் எதிர்க்கட்சி. எழுத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது.

பீட்டா தடுப்பான்களில் இரண்டு வகை. புரோப்ரனலாலும் கார்வெடிலாலும் நெஞ்சையும் நுரையீரலையும் சேர்த்துப் பூட்டும், ஆஸ்துமாவுக்கு ஆகாது. மெட்டோபுரோலால், பிசோபுரோலால், அட்டினோலால், நெபிவோலால் பெரும்பாலும் இதயத்தின் பீட்டா-1 பூட்டோடு நிற்பவை. டோஸ் ஏற ஏற அந்தக் கட்டுப்பாடு தளரும். புகைபிடித்து வந்த நுரையீரல் நோயும் இருக்கிறது, மாரடைப்பும் வந்திருக்கிறது என்றால் இதய டாக்டர் தெரிந்தே இந்த இரண்டாம் வகையைக் கொடுப்பார். அந்த நோயாளிக்கு அதனால் நன்மைதான் அதிகம். இருப்பது ஆஸ்துமாவேதான் என்றால் அவரும் யோசித்து, குறைந்த டோஸில் தொடங்கி, கவனித்துக்கொண்டே கொடுப்பார்.

செய்யக் கூடாத ஒன்று: இதைப் படித்த பயத்தில் பீட்டா தடுப்பானை ஒரே நாளில் விடுவது. திடீரென்று நிறுத்தினால் நெஞ்சுவலி, படபடப்பு, சிலருக்கு மாரடைப்பேகூட வரலாம். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, நல்ல காரியம். கொண்டுவருபவரிடம் இன்ஹேலரையும் எடுத்துக் காட்டி, அட்டையில் குறிக்கச் சொல்லுங்கள்.

பஃப் அடித்தால் படபடப்பு வருகிறது. தெரிந்தவர் 'சிப்லார் போடு, சரியாகிடும்' என்கிறாரே?

வேண்டாம். சிப்லார் என்பது புரோப்ரனலால். ஒற்றைத் தலைவலிக்கும், கை நடுக்கத்துக்கும், மேடைப் பயத்துக்கும், தைராய்டு படபடப்புக்கும் கொடுப்பதால் பல வீடுகளில் கிடக்கிறது. படபடப்பு நின்றுவிடும், உண்மைதான். பஃப்பின் வேலையும் சேர்ந்து நின்றுவிடும். பிறகு மூச்சு முட்டும், இன்னும் நாலு பஃப் அடிப்பீர்கள், பலன் இருக்காது.

வரலாற்றில் ஒரு வேடிக்கை. ஜேம்ஸ் பிளாக் என்ற விஞ்ஞானி புரோப்ரனலாலைக் கண்டுபிடித்ததும் சால்பியூட்டமால் விற்பனைக்கு வந்ததும் (1969) ஒரே பத்தாண்டில், ஒரே பிரிட்டனில். ஒன்று பூட்டை அடைக்க, மற்றது திறக்க. பிளாக்குக்கு 1988-ல் நோபல் பரிசு கிடைத்தது.

படபடப்பு தொடர்ந்தால் எத்தனை பஃப் அடிக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். அவசர பஃப் அடிக்கடி தேவைப்படுகிறது என்றால் இளைப்பு வராமல் தடுக்கத் தினமும் இழுக்கும் ஸ்டீராய்டு மருந்து போதவில்லை என்று அர்த்தம். அதைச் சரிசெய்தால் படபடப்பு தானாகக் குறையும்.

மகள் கர்ப்பமாக இருக்கிறாள். இன்ஹேலரை நிறுத்தணுமா?

நிறுத்தக் கூடாது. தாய்க்கு மூச்சு கிடைத்தால்தான் பிள்ளைக்கு ஆக்சிஜன். இழுக்கும் மருந்துகள் பொதுவாகக் கர்ப்பத்தில் தொடர்பவைதான்.

ஆனால் மகப்பேறு டாக்டருக்கு ஆஸ்துமா இருப்பது கட்டாயம் தெரிய வேண்டும். இரண்டு காரணம். கர்ப்ப காலப் பிரஷருக்கு அடிக்கடி எழுதும் லேபடலால் பீட்டா தடுப்பான். ஆஸ்துமா என்று தெரிந்தால் நிஃபெடிபின், மெத்தில்டோபா என்று வேறு வழி பார்ப்பார்கள். பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கை நிறுத்தப் போடும் கார்போபிராஸ்ட் ஊசி மூச்சுக்குழாயைக் கடுமையாகச் சுருக்கும், ஆஸ்துமாக்காரருக்கு அதைத் தவிர்ப்பார்கள். அந்த அவசரத்தில் உங்களிடம் கேட்க யாருக்கும் நேரம் இருக்காது. முதல் செக்கப்பிலேயே அட்டையில் பெரிதாக எழுதச் சொல்லிவிடுங்கள், அம்மா.

வலி மாத்திரை போடலாமா? பல் டாக்டர் கொடுத்தது, மூட்டு வலிக்கு வாங்குவது…

இன்ஹேலரோடு மோதுவது இல்லை இது, நோயோடு மோதுவது. ஆனால் கேள்வி அடிக்கடி வரும்.

வளர்ந்தவர்களில் ஆஸ்துமா உள்ள நூறு பேரில் ஏறக்குறைய 7 பேருக்கு ஆஸ்பிரினும் அதன் உறவுகளும் ஆகாது. ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், அசிகுளோஃபெனாக் எல்லாம் அதே குடும்பம். காம்பிஃபிளாம், வோவரான், சீரோடால் என்று வீட்டில் கிடப்பவை இவைதான். போட்ட அரை மணியிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் மூக்கு ஒழுகி, கண் சிவந்து, இளைப்பு பிடிக்கும். மூக்கில் சதை வளர்ந்தவர்கள், வாசனை தெரியாமல் போனவர்கள், பெரியவர்களான பிறகு ஆஸ்துமா வந்தவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். இதே உடம்புவாகு உள்ளவருக்கு இதயத்துக்குப் போடும் 75 மில்லிகிராம் ஆஸ்பிரின்கூட வினையாகலாம்.

இதுவரை பலமுறை போட்டு ஒன்றும் ஆகாதவர் பயப்பட வேண்டியதில்லை. ஒரு முறை ஆனவர் அந்தக் குடும்பத்தையே விட்டுவிட வேண்டும். 500 மில்லிகிராம் பாராசிட்டமால் பொதுவாக ஒத்துக்கொள்ளும். 'உடம்பு வலிக்கு ஒரு ஊசி' என்று கை நீட்டும் முன் அது டைக்ளோஃபெனாக்கா என்று கேளுங்கள். ஊசியும் 'சாப்பிடுகிற' பட்டியலில் வராது என்பதால் பலர் மறந்துவிடுவார்கள்.

இடுப்பில் படை. தோல் டாக்டர் இரண்டு மாதத்துக்கு கேப்சூல் எழுதியிருக்கிறார். ஃபோராகார்ட் எடுக்கிறேன், சொல்லணுமா?

அந்த கேப்சூல் இட்ராகோனசோலாக இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும்.

முதல் பதிலில் சொன்னேன், உள்ளே போகும் ஸ்டீராய்டைக் கல்லீரல் உடைக்கும் என்று. அந்த வேலையைச் செய்யும் நொதியை இட்ராகோனசோல் கட்டிப்போட்டுவிடும். புடிசோனைடும் ஃப்ளூட்டிகசோனும் உடையாமல் ரத்தத்தில் தேங்கும். இழுப்பது மைக்ரோகிராம் கணக்கில்தான், ஆனால் வாரக்கணக்கில் தேங்கினால் உடம்பு ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்ட மாதிரி நடந்துகொள்ளும். முகம் உருண்டையாகும், வயிற்றில் ஊதா நிறக் கோடுகள் விழும், லேசாக இடித்தாலே கன்றிப்போகும், சுகர் ஏறும். உள்ளுக்குள் இன்னொன்றும் நடக்கும்: சொந்தமாக ஸ்டீராய்டு சுரக்கும் அட்ரீனல் சுரப்பி, வேலை இல்லை என்று தூங்கப் போய்விடும். பிறகு மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், வாந்தி, அடித்துப்போட்டாற்போன்ற அசதி.

முன்பு படைக்குக் களிம்பு தடவினாலே போதும். இப்போது பூஞ்சை முரண்டு பிடிப்பதால் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் இட்ராகோனசோல் எழுதுகிறார்கள். அதனால்தான் ஒரு காலத்தில் புத்தகத்தில் மட்டும் படித்த இந்த மோதல் இப்போது எங்கள் மேசைக்கே வருகிறது. நான்கு நாள் மருந்து என்றால் பெரிய கவலை இல்லை. நீண்ட நாள் என்றால் டெர்பினாஃபின் போன்ற வேறு மருந்து ஒத்துவருமா, ஸ்டீராய்டு இன்ஹேலரை மாற்றலாமா என்று டாக்டர்கள் முடிவு செய்வார்கள். தோலில் தடவும் குளோட்ரிமசோல் களிம்பால் இந்தத் தொல்லை இல்லை.

இதே நொதியை இன்னும் பலமாகக் கட்டுவது ரிட்டோனாவிர், எச்.ஐ.வி. சிகிச்சையின் சில கூட்டுகளில் இருப்பது. இப்போது முதல் வரிசையில் கொடுக்கும் டோலுடெக்ராவிர் கூட்டில் அந்தச் சிக்கல் இல்லை. ரிட்டோனாவிர் எடுப்பவர் ஃப்ளூட்டிகசோனையும் புடிசோனைடையும் தவிர்ப்பது நல்லது; பெக்லோமெத்தசோன் என்ற இழுக்கும் ஸ்டீராய்டு அவ்வளவாகப் பாதிக்கப்படுவதில்லை. சால்மிடராலும் ரிட்டோனாவிரோடு சேரக் கூடாது. மார்புநோய் டாக்டரிடம் எச்.ஐ.வி. பற்றிச் சொல்லக் கூச்சமாக இருந்தால், எச்.ஐ.வி. மருந்து தரும் ஏ.ஆர்.டி. மைய மருந்தாளுநரிடம் இன்ஹேலரையாவது காட்டிவிடுங்கள். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கும் இந்த வகைதான், ஆனால் பெரும்பாலும் சில நாளோடு முடிந்துவிடும்.

டெரிஃபிலின் மாத்திரையும் கூடவே போடுகிறேன். அதற்கு ஏதும் எச்சரிக்கை உண்டா?

மாத்திரைகளில் நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். இதிலுள்ள தியோஃபிலினுக்கு நன்மைக்கும் நஞ்சுக்கும் இடையே வரப்பு அளவு இடைவெளிதான். ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் வரை மருந்து, அதைத் தாண்டினால் வாந்தி, படபடப்பு, கடைசியில் வலிப்பு.

வயிற்றுப்போக்குக்கோ நீர்க்கடுப்புக்கோ சீட்டில்லாமல் வாங்கிப் போடும் சிப்ரோஃப்ளோக்சசின் இதன் அளவை ஏற்றிவிடும். எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசினும் ஏற்றும். காசநோய்க்கான ரிஃபாம்பிசினும், வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமசெபினும் அளவை இறக்கும். அப்போது வீசிங் திரும்ப வரும்.

எவரும் எதிர்பாராதது சிகரெட். பீடி, சிகரெட் புகை கல்லீரலை முடுக்கிவிட்டு தியோஃபிலினை வேகமாக எரிக்கும். இருபது வருடம் புகைத்தவருக்கு அந்த வேகத்துக்கு ஏற்ற டோஸ் கொடுத்திருப்பார்கள். அவர் ஆஸ்பத்திரியில் படுத்தோ, பேரன் கெஞ்சியோ புகையை விட்டால் ஒரு வாரத்துக்குள் அதே டோஸ் அதிகமாகிவிடும். வாந்தியும் நடுக்கமும் வந்ததும், 'பீடியை விட்டதால்தான் உடம்புக்கு ஆகலை' என்று மறுபடி பற்றவைத்தவர்களை எனக்குத் தெரியும். தப்பு பீடியை விட்டதில் இல்லை, மாத்திரையைக் குறைக்காததில். விடும் நாளை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். நிக்கோடின் சூயிங்கத்தால் இந்த மாற்றம் வராது; கல்லீரலை முடுக்குவது புகைதான், நிக்கோடின் இல்லை.

இருமல் சிரப் ஒன்று கொடுங்கள் அண்ணே, அதில் என்ன இருக்கப்போகிறது?

அதில் இன்னொரு இன்ஹேலரே இருக்கிறது! அஸ்கோரில் சிரப்பில் டெர்பூட்டலின், அஸ்கோரில் எல்.எஸ்.-ல் லெவோசால்பியூட்டமால். சளி கரைக்கும் மருந்தோடு விரிப்பானையும் கலந்த சிரப்புகள் ஏராளம். பஃப்பும் அடித்து, இதையும் மூடி மூடியாகக் குடித்து, நெபுலைசரும் வைத்தால் ஒரே மருந்தை மூன்று வாசல் வழியாக உள்ளே விட்டதாகும். நெஞ்சு அடித்துக்கொள்வதில் ஆச்சரியமில்லை. குழந்தைகளுக்கு இன்னும் கவனம் வேண்டும்.

சளி மாத்திரைகளில் இருக்கும் ஃபெனைலெஃப்ரின் படபடப்பையும் பிரஷரையும் கொஞ்சம் கூட்டும். மூக்கடைப்பு மட்டும் என்றால் உப்புநீர்ச் சொட்டு போதும்.

இரண்டு டாக்டர் இரண்டு இன்ஹேலர் கொடுத்திருக்கிறார்கள். இரண்டையும் இழுக்கலாமா?

சின்ன எழுத்தைப் பாருங்கள். ஃபோராகார்ட்டில் ஃபார்மோடிரால், டுவோவா என்ற இன்னொரு இன்ஹேலரிலும் ஃபார்மோடிரால். சேர்த்து இழுத்தால் ஒரே நீண்ட நேர விரிப்பான் இரட்டிப்பாகும். அதே போல டியோட்ரோபியம் இழுப்பவருக்கு வீட்டில் தினமும் டியோலின் நெபுலைசரும் வைத்தால் 'ட்ரோபியம்' இரட்டிப்பு.

புடிசோனைடும் ஃபார்மோடிராலும் சேர்ந்த ஒரே இன்ஹேலரைத் தடுப்புக்கும் அவசரத்துக்கும் பயன்படுத்தச் சொல்வது இப்போது உலகெங்கும் ஏற்ற முறை. 200/6 அளவு என்றால் பெரியவர்களுக்கு ஒரு நாளில் எல்லாம் சேர்த்து 12 பஃப்பைத் தாண்டக் கூடாது. செரோஃப்ளோவை அப்படி அவசரத்துக்குப் பயன்படுத்தவே கூடாது, சால்மிடரால் மெதுவாக வேலை செய்யும்.

இடையில் ஒன்று: ரோட்டாகேப் என்பது கருவியில் போட்டு இழுக்கும் கேப்சூல், விழுங்குவதற்கு அல்ல. சிரிக்காதீர்கள், மருந்து என்றால் சாப்பிடுவதுதானே என்று தண்ணீர் ஊற்றி விழுங்கியவர்கள் வருடத்துக்கு இரண்டு பேராவது வருகிறார்கள்.

நீர் போக லாசிக்ஸ் போடுகிறேன். இதயத்துக்கு டிஜாக்சினும் உண்டு.

லாசிக்ஸ் ரத்தத்தில் பொட்டாசியத்தை இறக்கும். சால்பியூட்டமால் அதை ரத்தத்திலிருந்து செல்களுக்குள் தள்ளும். தியோஃபிலினும் ஸ்டீராய்டு மாத்திரையும் தங்கள் பங்குக்கு இறக்கும். தினம் இரண்டு பஃப் என்றால் பெரிய கணக்கில்லை. இளைப்பு முற்றி, திரும்பத் திரும்ப நெபுலைசர் வைக்கும் நாளில்தான் இது தலைதூக்கும்: கெண்டைக்கால் பிடிப்பு, தசைத் தளர்ச்சி, தாறுமாறான நாடி. பொட்டாசியம் குறைந்த உடம்பில் டிஜாக்சின் விஷமாகும். ஆகவே டிஜாக்சின் எடுப்பவர் நெபுலைசர் வைக்கும் இடத்தில் அதைச் சொல்லி, ரத்தப் பரிசோதனை வேண்டுமா என்று கேட்க வேண்டும். இதயத்துடிப்பின் தாளத்தை மாற்றக்கூடிய அசித்ரோமைசின், டோம்பெரிடோன், ஒண்டான்செட்ரான் போன்றவையும் சேரும்போது டாக்டருக்குத் தெரிந்திருப்பது நல்லது.

புரோஸ்டேட் வீக்கம் இருக்கிறது. டியோவா இழுத்த பிறகு சிறுநீர் சரியாக வரவில்லை.

டியோட்ரோபியம் தனியாகவே அதைச் செய்யலாம். கூடவே வயிற்றுவலிக்கு டைசைக்ளோமின், நடுக்கத்துக்கு பாசிடேன், தூக்கத்துக்கு அமிட்ரிப்டிலின், சளிக்கு குளோர்ஃபெனிரமின் என்று, 'ட்ரோபியம்' போலவே உலர்த்தும் மருந்துகள் சேர்ந்தால் வாய் வறண்டு, மலம் கட்டி, சிறுநீர் நின்றே போகும். அடைத்துக்கொண்டால் அன்றே ஆஸ்பத்திரி.

இப்ராட்ரோபியம் நெபுலைசர் வைக்கும்போது முகமூடி தளர்ந்து புகை கண்ணில் பட்டால் சிலருக்குக் கண் அழுத்தம் திடீரென்று ஏறும். கண் நீர் அழுத்த நோய் உள்ளவர் முகமூடியைவிட வாயில் கவ்வும் குழாயைக் கேட்டு வாங்குங்கள்.

பிரஷர் மாத்திரை மாற்றியதிலிருந்து வறட்டு இருமல். ஆஸ்துமா முற்றிவிட்டதா?

மாத்திரை எனலாபிரில், ராமிபிரில் போல 'பிரில்' என்று முடிகிறதா? அந்த வகைக்கே உரிய இருமல் அது. இன்ஹேலர் டோஸைக் கூட்டிப் பயனில்லை. மாத்திரையை மாற்றித் தந்தால் சில வாரத்தில் நின்றுவிடும்.

சுகர் மாத்திரை, கேஸ் மாத்திரை, தைராய்டு, தடுப்பூசி, காபி?

மெட்ஃபார்மின், கேஸ் மாத்திரை, கொழுப்பு மாத்திரை எதுவும் இன்ஹேலரோடு சண்டை போடாது. இழுக்கும் ஸ்டீராய்டு அதிக டோஸில் இருந்தால் சுகரைக் கொஞ்சம் கவனியுங்கள். பிரெட்னிசோலோன் மாத்திரை தொடங்கினால் கட்டாயம் கவனியுங்கள். தைராய்டு மாத்திரை சரியான அளவில் இருந்தால் தொல்லை இல்லை. தடுப்பூசி தாராளமாகப் போடலாம். காபி இரண்டு டம்ளர் பரவாயில்லை, ஆனால் காஃபினும் தியோஃபிலினும் பங்காளிகள். டெரிஃபிலின் போடுபவர் அளவோடு நிறுத்துங்கள்.

நாட்டு மருந்து, சித்த மருந்து சேர்த்துக்கொள்ளலாமா?

எந்த மருந்து என்று கேட்டால்தான் பதில் சொல்ல முடியும். ஆடாதோடையைப் பழிக்க மாட்டேன். அதிலுள்ள வாசிசினை வைத்துத்தான் சளி கரைக்கும் புரோம்ஹெக்சினையே உருவாக்கினார்கள். மிளகு ரசமும் துளசிக் கஷாயமும் உங்கள் விருப்பம். ஆனால் திப்பிலி, மிளகு சூரணங்களை மருந்தளவில் தினமும் எடுத்தால், அவற்றிலுள்ள பைப்பரின் தியோஃபிலின் அளவைக் கூட்டலாம். அதிமதுரம் நாள்பட எடுத்தால் பொட்டாசியம் இறங்கும், பிரஷர் ஏறும். லாசிக்ஸ் போடுபவர் மேலே சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஊமத்தை இலையைப் புகைப்பது வேண்டவே வேண்டாம். அதற்குப் பெரிய சரித்திரம் உண்டு. 1802-ல் நம் மெட்ராசிலிருந்துதான் அந்த வழக்கம் பிரிட்டனுக்குப் போனது. ஊமத்தையில் இருக்கும் அட்ரோபினின் வழிவந்ததுதான் இன்றைய இப்ராட்ரோபியம். ஊமத்தையில் எந்த இலையில் எவ்வளவு நஞ்சு என்று அளக்க முடியாது, பேரன் வந்த பிறகு தாத்தா எதற்கு?

பெயரே ஒட்டாத பொட்டலத்தில் வரும் 'ஆஸ்துமா பவுடர்' மூன்றே நாளில் அற்புதமாக வேலை செய்தால் உள்ளே ஸ்டீராய்டு இருக்குமோ என்று சந்தேகப்படுங்கள். பல மாதம் சாப்பிட்டிருந்தால் திடீரென்றும் நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் பொட்டலத்தோடு போங்கள்.

மூச்சு முட்டும்போதும் இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருக்கணுமா?

கூடவே கூடாது. வாக்கியம் முடிக்க முடியாமல் திணறினால், உதடு நீலம் பாரித்தால், பஃப் அடித்தும் அடங்காவிட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள், வரும் வரை டாக்டர் சொல்லியிருக்கும் முறைப்படி அவசர பஃப்பை அடித்துக்கொண்டே இருங்கள். மோதல் பற்றிய கவலையை ஆம்புலன்சில் வருபவரிடம் விட்டுவிடுங்கள். எல்லா மருந்தையும் அள்ளி ஒரு பையில் போட்டுக் கூடவே கொண்டுபோனால் போதும்.

மருந்தால் வந்த தொல்லை என்று தோன்றினால் யாரிடம் சொல்வது?

முதலில் சீட்டு எழுதியவரிடம். மத்திய அரசின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் உண்டு. நோயாளியே கூப்பிட்டுப் பதிவு செய்யலாம்.

அடுத்த முறை டாக்டரிடம் என்ன சொல்லணும், எப்படிச் சொல்லணும்?

'சாப்பிடுறது' என்று தொடங்காதீர்கள். ஒரு துண்டுத் தாளில் உடம்புக்குள் போகும் வாசல் வாரியாக எழுதிப் பர்சில் வையுங்கள். அந்த ஆசிரியரின் தாள் இப்போது இப்படி இருக்கிறது:

இழுப்பது: ஃபோராகார்ட் 200, காலை 2, இரவு 2. அவசரத்துக்கு அஸ்தாலின்.
விழுங்குவது: மெட்ஃபார்மின் 500, காலை, இரவு.
கண்ணில்: லேட்டனோபிராஸ்ட், இரவு ஒரு சொட்டு. டிமோலால் ஆகாது.
தடவுவது: முட்டிக்குத் தைலம்.
ஊசி: இல்லை.
புகை: 2009-ல் விட்டாச்சு.